ஞாயிறு மாலை விவாதம்

"என்ர ரெண்டு காதாலையும் கேட்டனான் தம்பி. இங்கிலாந்து பிரிஞ்சது பிழை எண்டு காட்டத்தான் இந்தப் பிள்ளை நிகழ்ச்சியே நடத்தினது."

கனகலிங்கம் மேசையில் தட்டிய தட்டில் ஒலிவாங்கி ஆடியது. ஜேர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு நிலக்கீழ் அறையில் இயங்கும் அந்தத் தமிழ் இணைய வானொலிக்கு உருப்படியாக இருந்தது அந்த ஒரு ஒலிவாங்கிதான். பொறுப்பாளர் தபோதரன் அதை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணைக்குக் காது அடைச்சுப்போச்சு" என்றார் எதிரில் இருந்த இரத்தினம். "அவள் முழுக்க முழுக்கப் பிரெக்ஸிற்காரருக்கு வால் பிடிச்சவள். எங்கட பக்கத்து ஆளை வாய் திறக்க விடேல்லை."

பிரெக்ஸிற், அதாவது இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தது, சரியா பிழையா என்று லண்டனிலிருந்து பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேச்சாளர்களின் படம் போட்டு, ஒரு கிழமையாக விளம்பரம் செய்த விவாதம் அது. திங்கட்கிழமை விடியவே முகநூலில் ஆளுக்கு ஆள் கிழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் இந்த இரண்டு பேரும் ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரர்கள். இங்கிலாந்தில் ஒரு வாக்குக்கூடக் கிடையாது. கனகலிங்கத்தின் தம்பி லண்டனில் கடை வைத்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்தான் தன் பிழைப்பைக் கெடுத்தார்கள் என்று தம்பி அங்கே முணுமுணுத்ததை அண்ணன் இங்கே முழங்கினார்.

இரத்தினத்தின் கதை வேறு. லண்டனில் குடியேறிய மகளைப் பார்க்க, பழைய பழக்கத்தில் அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். முன்பு அதுவே போதும்; இப்போது கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பிரெக்ஸிற் என்றாலே மனிதருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தபோதரனுக்கு இரண்டு பேரையும் பிடிக்காது. ஆனால் ஒருவரிடம் கலியாண மண்டபம், மற்றவரிடம் பலசரக்குக் கடை. வானொலி ஓடுவதே இவர்கள் தரும் விளம்பரத்தில்தான் என்பதால் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சுவரோரமாகத் துஷானி நின்றாள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து, தானே உருவாக்கி நடத்தும் நிகழ்ச்சி அது. இன்று அதைப் பறிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்ததெண்டா..."

"பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை விழாதை பிள்ளை" என்றார் தபோதரன்.

கணவரோடு வந்திருந்த கனகலிங்கத்தின் மனைவி யோகம், பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் துஷானியிடம் நீட்டினார். "ஞாயிறு பின்னேரம் சமைக்கேக்கை உங்கட ரேடியோதான் பிள்ளை போட்டிருந்தனான். நாதஸ்வரம் நல்ல சோக்காயிருந்தது."

தபோதரன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது, இந்த மனிசிமாருக்கு இடையில் போடும் இசைதான் காதில் விழும். விவாதம் தொடங்கியதும் வானொலியை நிறுத்திவிட்டு நாடகம் பார்க்கப் போயிருப்பார்.

"நீ சும்மா இரு. இது அரசியல்" என்று கனகலிங்கம் மனைவியை அடக்கினார்.

"பதிவு இருக்கு" என்றாள் துஷானி. "போடட்டோ? எல்லாருமா இருந்து ஒருக்காக் கேப்பம்."

"கேட்டதைத் திருப்பிக் கேக்க எங்களுக்கென்ன விசரோ?" என்றார் கனகலிங்கம். "எனக்குக் கடை திறக்கவேணும்" என்றார் இரத்தினம். தபோதரன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். வந்ததிலிருந்து இந்த ஒன்றில்தான் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள்.

தபோதரன் தொண்டையைச் செருமினார். "நான் அண்டைக்கு டோர்ட்முண்டிலை கலியாண வீட்டிலை. எண்டாலும் காதிலை மாட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டனான். பக்கச்சார்பு இருந்தது. ரெண்டு பக்கமும் இருந்தது."

நடுநிலை என்றால் இதுதான் என்று அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. கனகலிங்கமும் இரத்தினமும் தங்கள் தங்கள் பாதியை எடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

தீர்ப்பு உடனே வந்தது. வாற ஞாயிறு துஷானி நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதோடு நிகழ்ச்சிக்கு மூடுவிழா. அந்த நேரத்துக்கு இனிப் பிறந்தநாள் வாழ்த்து.

துஷானியின் கண் கலங்கியது. ஆனால் குரல் உடையவில்லை. "மன்னிப்புக் கேக்கிறன் அண்ணை. என்ன பிழைக்கு எண்டு சொன்னீங்களெண்டா அதையும் சேர்த்துச் சொல்லுறன்."

"எங்கட ஆளை நீ இனவாதி எண்டு சொன்னனீ" என்றார் கனகலிங்கம்.

"எங்கட ஆள் கணக்குச் சொல்லேக்கை லைனை வெட்டினனீ" என்றார் இரத்தினம்.

"உம்மட குரலிலை கொஞ்சம் சூடு" என்றார் தபோதரன்.

துஷானி தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையை யோகத்திடம் கொடுத்துவிட்டுத் தபோதரன் பக்கம் திரும்பினாள்.

"லண்டன் ஆக்கள் ரெண்டு பேரும் கடைசி நேரத்திலை வரமாட்டம் எண்டிட்டினம் அண்ணை. அண்டைக்கு நிகழ்ச்சி முடியுமட்டும் நாதஸ்வரம்தான் போனது."