அமலோற்பவம் தட்டிய வளையங்கள்

விண்வெளியில் சுற்றும் பெரிய நிலையம் ஒன்றைத் திருப்பி நிறுத்தப் பதினாறு உந்துபொறிகள். அவற்றுக்கான பதினாறு பீங்கான் வளையங்களையும் விருத்தாசலத்துப் பட்டறையில் செய்தவள் அமலோற்பவம். மண் ஈரமாக இருக்கும்போதே உள்பக்கம் நகத்தால் ஒரு பிறையும் வரிசை எண்ணும் கீறுவாள். வெந்ததும் விரல் முட்டியால் தட்டி, மணிபோல் ஒலித்தால்தான் பெட்டியில் வைப்பாள்.

நிலையம் மேலே போய் ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஏழாவது வளையத்தில் விரிசலாம். மற்றவை ஒழுங்காக இயங்குகின்றனவாம்.

"உன் கைவேலதான். நாளைலேர்ந்து வராத," என்றார் மேலாளர் சபேசன்.

"ரெண்டு தடவ தட்டிப் பாத்தேன் சார். என் காதுக்குத் தெரியாத விரிசலா?"

"அப்ப மேல போயி தட்டிட்டு வா."

மறுநாள் காலை, விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்தாள். அப்போதுதான் சூளையைத் திறந்தார்கள். டீக்கோப்பைகளுக்கு நடுவே பதினாறு வளையங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவளுடைய பிறை. கோப்பைகள் இன்னும் சுட்டன. வளையங்கள் விரலில் ஒட்டுமளவு குளிர்ந்திருந்தன.

முந்தானையால் பிடித்து, அவற்றைச் சபேசனின் மேசையில் அடுக்கினாள். ஏழாவதை அவர் காதருகே தட்டினாள். மணிபோல் ஒலித்தது.

"பதினாறும் இங்க இருக்குது. அங்க நிலையத்த எது சார் திருப்புது? கேட்டு எழுதுங்க. அதுவரைக்கும் நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்."

சபேசன் பேனாவைத் திறக்கவில்லை. மேசைக் கண்ணாடியில் வளையங்களைச் சுற்றிப் பனி படர்ந்துகொண்டிருந்தது.