கதவோர நாற்காலி

“வரவேற்கும் கற்பித்தல்னு நாளைக்குப் பாடம். அதுக்கு மூணு தூண். நம்பிக்கை, மரியாதை ரெண்டுக்கும் விளக்கம் எழுதிட்டேன். மூணாவது, தற்செயலா இல்லாம மனமறிஞ்சு செய்யறது. அதுக்குத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது,” என்று பேனாவைக் கடித்தார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர்.

“நம்ம கணக்கு டீச்சரைச் சொல்லேன்,” என்றாள் மனைவி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

அவர் முகம் மலர்ந்தது. “அதானே! தினமும் லேட்டா வர்ற எனக்குன்னு கதவோரம் ஒரு நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்க. ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணாலயே உட்காரச் சொல்லிட்டுக் கணக்கைத் தொடருவாங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். “அட மண்டு! அது உனக்காகப் போட்டதில்லை. ஒரு கால் தேஞ்சுபோய் ஆடற நாற்காலி. ரிப்பேருக்கு அனுப்பக் கதவோரம் வெச்சது. எடுத்துட்டுப் போக ஆள் வரவே இல்லை.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அந்த நாற்காலி தனக்காகவே போட்டது என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தவர் அவர். பேனாவை மூடப் போனவர், சட்டென்று நிமிர்ந்தார்.

“ஆடற நாற்காலியா? ஒரு நாள்கூட ஆடினதில்லையே!”

“எப்படி ஆடும்? மணி அடிச்சதும் டீச்சர் மண்டிபோட்டு, ஒரு அட்டையை மடிச்சு அந்தக் காலுக்கு அடியில வைப்பாங்க. சாயங்காலம் பெருக்கறப்போ அது குப்பையோட போயிடும். மறுநாள் வேற அட்டை. நீதான் லேட்டா வருவியே, உனக்கெங்கே தெரியப்போகுது!”

மூன்றாவது விளக்கத்துக்கு விட்டிருந்த இடத்தில் அவர் ஒரே ஒரு சொல்லை எழுதினார்.

‘அட்டை.’