ஓடத்தில் வந்த இன்ஜினீயர்

"பார்த்தியா ஃபிலுமேனா? பாலம் கட்டின ஆளே என் ஓடத்துல ஏற வர்றாரு! அவருக்கே அந்தப் பாலத்துல நம்பிக்கை இல்ல. நீ ஏறுவியா?"

பாலாடைக்கட்டிக் கூடையோடு நின்ற ஃபிலுமேனா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "எனக்கென்ன பைத்தியமா, கொசிமோ அண்ணே?"

பாலம் வந்தால் பிழைப்புப் போய்விடுமே என்றிருந்த ஓடக்காரன் கொசிமோவுக்கு அதுதான் வேண்டும். நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் அதுவரை யாரும் பார்த்திராத இரும்புச் சங்கிலித் தொங்கு பாலம் அது. இன்று ராஜாவின் பீரங்கி வண்டிகளை அதன்மேல் ஓட்டிச் சோதிக்கப்போகிறார்கள். இன்ஜினீயர் தொன் லிபோரியோவோ ஓடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தொன் லிபோரியோ, பாலத்துல ஏறக் கால் நடுங்குதோ?"

"பேசாம ஓட்டு."

பாலத்துக்கு நேர் கீழே, நடு ஆற்றில், "நிறுத்து" என்றார். மேலே முதல் வண்டி உருண்டது. சங்கிலிகள் முனகின.

"ஐயோ, இங்கயா? விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா முதல்ல என் தலையில விழட்டும். அதுக்குத்தான் வந்தேன். பயமா இருந்தா நீ நீந்திப் போயிடு."

கொசிமோவுக்கு நீச்சல் தெரியாது. துடுப்பைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடி, தெரிந்த புனிதர்களை எல்லாம் மனதுக்குள் கூப்பிட்டான்.

பாலம் ஆடியது. விழவில்லை.

அவன் கரைக்குத் திரும்பியபோது ஃபிலுமேனா கூடையோடு பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் ஊரே ஏறியது.

"ஏ ஃபிலுமேனா! அந்த இன்ஜினீயரை நம்பியா போற?"

"அவரை யாரு நம்பினா? நீயே அதுக்கு அடியில போய், நிம்மதியாக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தியே அண்ணே!"