அவசரப்படுத்தியவர் கணக்கு

வேலை முடிகிற மணி அடித்து எல்லோரும் போன பிறகும், தச்சர் ஆசீர்வாதம் தனியாக ஒரு சவப்பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த ரம்பத்துக்குச் சலிப்புத் தட்டியது.

"மணிக்கு மேலே வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலியாச்சே! அந்த அதிகப்படி யார் தலையில் விழும்?" என்று இழைப்புளியைக் கேட்டது.

"வேலை பொதுவாகப் பெருகினால் நாற்காலி, கட்டில் என்று எல்லாச் சாமான் மேலேயும் பரப்பிவிடுவார்கள். ஒருத்தர் அவசரப்படுத்தினால் அவர் கணக்கில்தான் ஏறும்," என்றது இழைப்புளி.

"இதற்கு யாரும் வந்து அவசரப்படுத்தவில்லையே?"

பாதி முடிந்திருந்த பெட்டி வாயைத் திறந்தது. "எனக்குள் படுக்கப்போகிறவர்தான் அவசரப்படுத்துகிறார்."

"செத்தவன் எங்கேயடா அவசரப்படுவான்?" என்று ரம்பம் சிரித்தது.

"செத்துவிட்டார் என்று நான் சொன்னேனா?"

ரம்பத்தின் சிரிப்பு நின்றது. காலையில் ஆசீர்வாதம் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நாடா பிடித்துத் தன்னையே அளந்துகொண்டது அதற்கு இப்போதுதான் உறைத்தது. எப்படியாவது அவரை நிறுத்திவிட வேண்டும் என்று, பலகையின் முடிச்சில் பல்லை மாட்டிக்கொண்டு நகர மறுத்தது.

"என்ன ராசா, இன்னைக்கு இப்படி அடம் பிடிக்கிறே?" ஆசீர்வாதம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பலமாக இழுத்தார்.

"நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லப்பா," என்றது பெட்டி ரம்பத்திடம் மெதுவாக. "அந்த நேரமும் அவர் கணக்கில்தான் ஏறும்."