வாசல் பளிங்கு

"மூஞ்சியை இன்னும் கொஞ்சம் தொங்கப்போடு எவெலியோ. இது மேயரோட நின்னு போட்டோ எடுத்துக்கிற மூஞ்சி."

மனைவி நுபியா சொன்னதும் எவெலியோ தன் பனியனின் கிழிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டார். நோட்டரி அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தெருவே தன்னை 'டாக்டர்' என்று கூப்பிடும்படி பழக்கி வைத்திருந்தார்.

பர்ரான்கியா நகரில் வீட்டுக்குத் தரம் போட்டு, அதை வைத்துத்தான் மின்கட்டணம். இவர்களுடையது நான்காம் தரம். மூன்றானால் சலுகை உண்டு. இஸ்திரி போடாமல், டிவி பார்க்காமல், அந்தப் புழுக்கத்தில் ஒற்றை பல்பின் கீழ் உட்கார்ந்தும் பில் இறங்கவில்லை. இந்த மாதமும் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மனு எழுதிப் போட்டதில், மறுபடி தரம் பார்க்க இன்று முனிசிபாலிட்டி அதிகாரி வருகிறார்.

ஃப்ரிட்ஜ், டிவி, மின்விசிறி எல்லாவற்றையும் தங்கை வீட்டில் ஒளித்து வைப்பதாகச் சொல்லி எவெலியோ போன வாரமே வண்டியேற்றிவிட்டார்.

"என் இன்சுலின் பானைத் தண்ணியில கிடக்கு. அது கெட்டா என் கதை முடிஞ்சுது. சாயங்காலமே ஃப்ரிட்ஜ் வந்தாகணும்."

"வரும், வரும். தரம் மூணாகட்டும், மகாராணி மாதிரி ஐஸ் தண்ணி குடிப்பே."

"அதெல்லாம் சரி, வாசல் சுவர்ல எதுக்கு இந்தப் பளிங்கு?"

"கொத்தனார் எஃப்ராயின் மிச்சக் கல்லைச் சும்மா பதிச்சுக் குடுத்தான். கவர்மென்ட் ஆள் வர்றப்ப வாசல் கௌரவமா இருக்க வேணாமா? நாம ஏழைங்கதான், கேவலப்பட்டவங்க இல்லை."

அதிகாரி வந்தாள். இளம்பெண். எதிர்ச்சாரியில் நின்று வீட்டைப் படமெடுத்தாள்.

"உள்ள வாங்கம்மா, எங்க கஷ்டத்தைக் கண்ணால பாருங்க." எவெலியோ ஒத்திகை பார்த்த குரல்தான், ஆனால் நிஜமாகவே உடைந்தது.

"வேணாங்க. உள்ள நாங்க பார்க்கிறதே இல்லை. தெரு, சுவர், வாசல், அவ்வளவுதான்." கிட்டே வந்து பளிங்கைத் தடவினாள். "அருமையான கல்லு! நாலுன்னு போட்டு வெச்சிருக்காங்களே. இது அஞ்சு. இனிமே பில்லுல கூடுதலாவே வரும்."

போய்விட்டாள். நுபியா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சரி, விடு. கரன்ட் இருக்கிற வரைக்குமாவது மருந்தைக் காப்பாத்துவோம். போய் ஃப்ரிட்ஜை எடுத்துட்டு வா."

எவெலியோ அசையவில்லை. எஃப்ராயின் எதையும் சும்மா கொடுக்கிறவன் இல்லை. ஃப்ரிட்ஜ், டிவி, மின்விசிறி மூன்றும் அவள் முதுகுக்குப் பின்னால், வாசல் சுவரில் பளிங்காகப் பளபளத்துக்கொண்டிருந்தன.