ஆஸ்பத்திரி மூட்டையில் ஒரு குறை

"பல்பு வச்சியாம்மா?" மூன்றாவது தடவையாகக் கேட்டாள் நிறைமாதக்காரி லிசான்ட்ரா.

"பல்பு, பக்கெட், பெட்ஷீட்டு, வெந்நீர் போட ஹீட்டர் எல்லாம் வச்சாச்சு. கட்டில் ஒண்ணுதான் பாக்கி. அதையும் கழட்டித் தலையில வச்சுக்கட்டுமா?" என்றாள் அவள் அம்மா மிக்தாலியா.

ஆஸ்பத்திரியில் எதுவும் இருக்காது என்பதால், கியூபாக்காரிக்குப் பிரசவம் என்றால் பாதி வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவதுதான். மிக்தாலியாவின் எரிச்சல் அதற்கல்ல, ஃபேனுக்கு. வீட்டிலிருந்த ஒரே ஃபேன் போன மாத மின்வெட்டுக்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் புகைந்துபோய்விட்டது. இது ஜூலை மாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு நான்கே நாள்.

போன கோடையில் தங்கை மகள் இதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில்தான் பெற்றாள். பச்சைக் குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு சிவந்து மூன்று நாள் விடாமல் அழுதது. அந்த அழுகை மிக்தாலியாவின் காதில் இன்னும் இருக்கிறது.

மருமகன் ஒஸ்மேல் ஒரு ஃபேனுக்காக சாந்தியாகோ நகரம் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். எதிர்வீட்டு எனெய்தாவைக் கேட்டால் என்ன என்றான்.

எனெய்தாவின் ஃபேனை அந்த மேட்டுத் தெருவில் அறியாதவர் இல்லை. பழைய ரஷ்ய வாஷிங் மெஷினின் மோட்டாரைக் கழற்றி, அலுமினியத் தகட்டில் றெக்கை வெட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, செத்துப்போன அவள் புருஷன் செய்தது. ஓடினால் மேட்டில் லாரி ஏறுகிற சத்தம். காற்றும் அதற்குத் தகுந்தாற்போல் வரும். எனெய்தாதான் யாரோடும் ஒட்டாதவள்.

மிக்தாலியா ரோஷத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரே ஒரு வாரத்துக்கு உங்க ஃபேனைக் குடுங்க. லிசான்ட்ராவுக்கு நாள் நெருங்கிடுச்சு."

எனெய்தா கதவைப் பாதிதான் திறந்தாள். அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டே, "ஃபேன் வீட்டுல இல்லியே, மிக்தாலியா" என்றாள். பிறகு, "ஃபேனைப் பத்தி யோசிக்காம பொண்ணைக் கூட்டிட்டுப் போ. ஒரு குறையும் வராது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிக்தாலியாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. கொடுக்க மனசில்லை, அதற்கு மேல் புத்திமதி வேறு.

"கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சுட்டு, என் முன்னாடி அட்டையால விசிறி நாடகம் போடுறா" என்று வீட்டுக்கு வந்து பொரிந்தாள்.

"நிஜமாவே இல்லாம இருக்கலாம்மா. சத்தம் கேட்டே ரெண்டு மாசமாச்சு."

"கரண்ட் இருந்தாத்தானேடி சத்தம் கேக்கும்? நீ சும்மா இரு."

கோபம் அலமாரி மேலிருந்த கண்ணாடி ஜாடி மேல் திரும்பியது. லிசான்ட்ரா முழுகாமல் இருப்பது தெரிந்த வாரமே பழங்களை வெட்டி ரம்மில் ஊறப்போட்ட ஜாடி. குழந்தை பிறந்ததும் திறந்து, பார்க்க வருகிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு குவளை ஊற்றுவார்கள். கேட்காமலே தெரு முழுவதற்கும் அதில் பங்கு உண்டு.

"அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது" என்றாள் மிக்தாலியா.

வீட்டில் சொன்னதோடு விட்டாளா? மறுநாள் ரேஷன் ரொட்டி வரிசையில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். பத்து ஆள் தள்ளி எனெய்தாவும் நின்றிருந்தாள். தன் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் காலையில் வலி கண்டது. யார் யாரையோ கெஞ்சி ஒரு கார் பிடித்து, மடியில் பக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மாடிப்படி பாதி ஏறும்போதே மிக்தாலியாவுக்கு அந்த லாரிச் சத்தம் கேட்டது.

வார்டுக்குள் ஆறு கட்டில்கள். நடுவே அதே பச்சை றெக்கை சுழன்றுகொண்டிருந்தது. ஆறு கொசுவலையும் அந்தக் காற்றில் அசைந்தன. அடிப்பாவி, வாடகைக்கு விட்டுவிட்டாயா என்று பல்லைக் கடித்தாள் மிக்தாலியா.

"இந்த ஃபேன் எந்தக் கட்டில்காரியோடது?" என்று நர்ஸைப் பிடித்துக் கேட்டாள்.

"எல்லாக் கட்டிலுக்கும்தாங்க. மே மாசம் ஒரு வயசான அம்மா தனியா தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. வாராவாரம் வந்து எண்ணெயும் போட்டுட்டுப் போறாங்க."

"அவங்களுக்கு வேண்டாமாமா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வீட்டுல இருந்தா யாராவது ஒருத்தி வந்து கேப்பா, எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. அவ வாங்கிட்டு வந்து தன் கட்டில்கிட்ட வச்சுக்குவா, மத்த அஞ்சு பேரும் வேர்த்துக் கிடப்பாங்க'ன்னாங்க."

மிக்தாலியா பக்கெட்டைக் கீழே வைத்தாள். "இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்னவாம் அந்த மனுஷிக்கு?" என்று முணுமுணுத்தாள்.

பிறகு ஒஸ்மேலைக் கூப்பிட்டாள்.

"அந்த ஜாடியை யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன். முதல் குவளையை நானே எதிர்வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். அவ கதவைப் பாதி திறந்தாலும் சரி."