ஐந்து நாள் நிற்கும் பெட்டரி

"சார்ஜ் எறங்காத போனா ஒண்ணு குடுங்க தம்பி. எம்மகன் வச்சிருக்கிற மாதிரி வேணாம்" என்றாள் அம்மா, கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.

சிப்னாஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு போன்களை எடுத்து வைத்தான். இரண்டுமே அவன் கடையில் ஆக மலிவானவை. ஹட்டனில் காலையிலிருந்தே மழை. வாசலில் சாத்திய குடைகளிலிருந்து தண்ணீர் உள்ளே ஓடி வந்துகொண்டிருந்தது.

ஒன்று கறுப்பு. தடிப்பானது, தலையில் ஒரு டோர்ச். மற்றது சிவப்பு. மெலிசானது, கலர் ஸ்கிரீன், பாட்டு, கமரா.

கறுப்பை எனக்கு நன்றாகவே தெரியும். அதன் உடன்பிறப்பு ஒன்று என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

"கறுப்ப எடுங்கம்மா. ஒருக்கா சார்ஜ் போட்டா அஞ்சு நாள் நிக்கும். கையில எடுத்தவங்க யாரும் இன்னும் திருப்பிக் கொண்டு வரல்ல" என்றான் சிப்னாஸ்.

ஐந்து நாள். இவனிடம் யார் கேட்டார்கள்?

தீபாவளிக்கு முந்திய வாரம் அப்பா இறந்தார். நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். மூத்த மகன் நான் இருக்க, கொள்ளிக்குடம் உடைத்தது சித்தப்பா மகன் சோலைமலை. மலிவுப் போன், பெட்டரி இறங்கிக் கிடந்தது, யார் அடித்ததும் எனக்குத் தெரியாது என்று அழுதுகொண்டே சொன்னேன். தோட்டத்து வரிசை வீட்டுச் சனம், எங்கள் லயமே நம்பியது. அம்மா என் தலையைத் தடவிவிட்டு, போனையும் அதைச் செய்தவனையும் வாய் ஓயாமல் திட்டினாள்.

நடந்தது இதுதான். கொழும்புப் புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் நிற்க நேரமில்லாத வியாபாரம். பகல் மூன்று மணிக்குத்தான் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். ஹட்டன் நம்பரிலிருந்து போன் அடித்தது. அப்பா குடித்துவிட்டு எங்காவது விழுந்திருப்பார், லீவு போட்டுவிட்டு வா என்பார்கள். வருடம் முழுக்க நடப்பதுதானே? போனைக் கவிழ்த்து வைத்தேன். அது திரும்பத் திரும்ப அடித்தது. நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக் கிளாக்கர் எப்படியோ முதலாளியின் நம்பரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னது மறுநாள் பின்னேரம். அதற்குள் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது பொங்கல் லீவில் வந்து, இனி அப்படி நடக்கக்கூடாது என்று அம்மாவுக்குப் போன் வாங்கித் தருகிறேன். நல்ல மகன்.

கறுப்புப் போன் சரியில்லை என்றேன். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கிறது என்றேன். சிவப்பில் சாமி பாட்டுக் கேட்கலாம், போட்டோ பிடிக்கலாம் என்றேன். சிவப்பு ஒரு நாள்கூட நிற்காது என்று சிப்னாஸ் இடையில் சொன்னதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எங்கள் லயத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சிவப்பை வாங்கினால், நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, சார்ஜ் போட அம்மா பஸ் ரோட்டுக் கடைக்கு இரண்டு கட்டை தூரம் இறங்கி ஏற வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பேசினேன்.

சிப்னாஸ் விடுவதாயில்லை. கறுப்புக்குள் சிம்மைப் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தான். யாருக்காவது ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொன்னான்.

நான் என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் அழுத்தத் தொடங்கிவிட்டாள். பத்து இலக்கத்தையும் எங்கும் நிற்காமல் அழுத்தினாள்.

என் பை அலறியது.

"எடுங்க, எடுத்துப் பேசுங்க" என்றான் சிப்னாஸ். பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அட, உங்களுக்கிட்டயும் இதே போன்தானே! எத்தன நாள் நிக்கிதுன்னு நீங்களே அம்மாவுக்குச் சொல்லுங்களேன்!"

கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கறுப்புப் போன்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என்னுடையது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா இரண்டையும் பார்த்தாள். நான் வாசலில் இருந்த குடைகளைப் பார்த்தேன்.

அம்மா புதுப் போனை எடுத்து, அதன் சிவப்புப் பொத்தானை அமத்தி அடிப்பதை நிறுத்தினாள். சிப்னாஸ் பக்கம் அதைத் தள்ளி வைத்தாள்.

"அந்தச் செவப்பையே குடுங்க தம்பி. எம்மகன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். வெட்கம்கெட்ட நிம்மதி. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அது இருந்தது.

அங்கே தகரக் கூரைக்குக் கீழே நின்று, அம்மா சிவப்புப் போனை ஒரு பொலிதீன் பையில் சுற்றினாள். மழை பட்டுவிடாமல் இன்னொரு பையிலும் சுற்றினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கி ரோட்டுக் கடப் போன்லருந்து பதினொரு தரம் அடிச்சேன்பா. ரிங் நல்லாத்தான் போச்சு."

லயமே கேட்க அவள் அந்தப் போனைத் திட்டியது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பஸ் வந்தது. அம்மா முந்திக்கொண்டு ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.